சுறாவேந்தனின் மத்தியானத் தூக்கம்

திரேஸ்புரம்,
9 ஜூன் 2025

அன்பும் ஆத்திரமும் சரிபாதியாக, சம்பத்துக்கு,

இனி உன் போனை எடுப்பதில்லை என்று வீட்டுக்காரி சீனித்தாயிடம் சபதம் போட்டுவிட்டேன். கடிதத்தைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை, பிழைத்துப் போ.

ஹைதராபாத்தில் உட்கார்ந்து நீ எழுதின கார்ட்டூனை நேற்றுக் குடும்பத்தோடு பார்த்தோம். பறந்து பறந்து அடிக்கிற ஹீரோ இடிக்கொம்பனைக் காணோம். அரைமணி நேரமும் வில்லன் சுறாவேந்தன் வீட்டில் என்ன செய்கிறான் என்றே ஓடுகிறது. இடுப்பில் என்னை மாதிரியே மடித்துக் கட்டின சாரம். வலை நூலால் கட்டின மூக்குக் கண்ணாடி. கடலை வற்ற வைக்கிற மிஷினை ஒரு மணிக்கு அணைத்துவிட்டு நாலு மணி வரை தூங்குகிறான். "கடலை வத்த வைக்கது இருக்கட்டும், மொதல்ல மோட்டாரப் போட்டு டேங்க நெறைங்க" என்கிறாள் பொண்டாட்டி.

"யப்பா, இது நீங்கல்லா!" என்றாள் மகள் அனுசியா. சீனித்தாய்க்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

இன்று மத்தியானம் தெருப் பிள்ளைகள் ஷட்டரைத் தட்டி, "சுறாவேந்தா, எந்திரி! உலகத்த அழிக்கணும்லா!" என்று கத்துதுகள். கயிறும் வலையும் விற்கிற மனுஷனுக்கு இது தேவையா?

உன்னை நம்பிக் கெட்ட,
பாண்டித்துரை

ஹைதராபாத்,
16 ஜூன்

மகாவில்லன் பாண்டிக்குத் தெண்டனிட்டு,

உன்னைத் திருடியது நான்தான். நல்லவனை எழுத உட்கார்ந்தால் எனக்கே கொட்டாவி வருகிறது, உன்னை நினைத்தால் பேனா தானாக ஓடுகிறது. "சுறாவேந்தன் மாமா தூங்கும்போது ஃபேன் ஓடுமா?" என்று ஒரு சிறுமி கேட்டு எழுதியிருக்கிறாள். இடிக்கொம்பனை இதுவரை ஒருத்தரும் விசாரித்ததில்லை.

கோபம் என்றால் சாரத்தைப் பேன்ட்டாக்கி, தூக்கத்தையும் வெட்டிவிடுகிறேன். போனை எடு, லே. நாற்பது வருஷத்தில் நாம் ஒரு வாரம் பேசாமல் இருந்ததில்லை.

குற்றவாளி,
சம்பத்குமார்

திரேஸ்புரம்,
21 ஜூன்

ஏலே சம்பத்து,

சாரத்தில் கை வைத்தால் தெரியும் சேதி. தூக்கத்தையும் தொடாதே. நேற்று நங்கூரக் கயிறு வாங்க வந்த பெனிஸ்டன் அண்ணாச்சி என் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். நானும் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கோபம் அதற்கில்லை. ஷட்டர் தூக்குவதிலிருந்து படுக்கிற வரை என் நாளை அப்படியே எழுதியிருக்கிறாய். நாலரைக்கு ஒருத்தன் வருவானே? இருபது வருஷம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துவிட்டு என்னையே நக்கலடிப்பானே, அவன் எங்கே? உன் படத்தில் நாலரைக்குச் சுறாவேந்தன் தனியாக டீ குடிக்கிறான். ரெண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன். அவனுக்குச் சேக்காளியே கிடையாதாலே?

பாண்டித்துரை

ஹைதராபாத்,
27 ஜூன்

பாண்டி,

முதலில் அந்த ஸ்டூலில் என்னைத்தான் எழுதினேன். ஏழு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவனை தினமும் வருகிறவனாக எழுதக் கை கூசியது. எழுதினதை அடித்துவிட்டேன்.

அடுத்த கதை: இடிக்கொம்பன் ரெண்டு மணிக்குச் சண்டைக்கு வருகிறான். ஷட்டர் மூடியிருக்கிறது. வாசல் ஸ்டூலில் காத்திருக்கிறான். நாலரைக்கு வில்லன் ரெண்டு டீ சொல்கிறான். அப்புறம் என்ன பேசுவார்கள் என்று இங்கிருந்து எழுத வரவில்லை. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். ரெண்டு மணிக்கே ஷட்டரைத் தட்டுவேன்.

சம்பத்து

திரேஸ்புரம்,
3 ஜூலை

ரெண்டு மணிக்குத் தட்டினால் உலகத்தோடு சேர்த்து உன்னையும் அழித்துவிடுவேன். நாலரைக்கு வா. ஸ்டூலில் கிடந்த கயிற்றுச் சுருளை இப்போதுதான் இறக்கி வைத்தேன். ஒரு கால் ஆடுகிறது, பார்த்து உட்காரு.

இப்படிக்கு,
சுறாவேந்தன்