எழுந்திருக்கிற படம்

இயேசு மரி சூசை துணை

என் ஒட்டடைக்குச்சிக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் கதையைப் பிறகு சொல்கிறேன், அதற்குள் பயந்துவிடாதே. நீ போனை அணைத்து வைத்திருப்பதால்தான் கடிதம். உன் அப்பாவின் கூட்டாளி நாளைக்கு லாரியில் அந்தப் பக்கம் வருகிறார். விடுதி வாசலில் உன் கையிலேயே கொடுக்க வேண்டும், வார்டனிடம்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அஞ்சாம் வகுப்புக்கு இவ்வளவுதான் வரும்.

நீ அனுப்பிய செய்தியை உன் அப்பா வாசித்துக் காட்டினான். "கடைசிப் பந்துக்கு முன்னால சிலுவை போட்டுட்டுத்தான் நின்னேன் பாட்டி. ரெண்டு கைக்கும் நடுவுல போயிருச்சு. என்னாலதான் தோத்தோம். இனிமே சிலுவையும் போட மாட்டேன், கோல்ல நிக்கவும் மாட்டேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துடுறேன்." இன்னொரு தடவை வாசி என்றேன். அவனால் முடியவில்லை. "வரட்டும்மா, செல்போன் கடையில வேலைக்குச் சொல்லி வைக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டான். நீ அழுதால் அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நான் அப்படி இல்லை என்று உனக்குத் தெரியும்.

உங்கள் கோச்சம்மாவும் கூப்பிட்டுப் பேசினார்கள். "வேற கோல்கீப்பர் இருக்கா பாட்டிம்மா, ஆனா இவள மாதிரி இல்ல" என்றார்கள். அதை நான் இஸ்திரிக்குத் துணி கொண்டுவருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சும்மா தெருவில் போனவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்த ஆட்டத்தைக் கீழ்வீட்டு டெய்லர் தன் போனில் போட்டுக் காட்டினார். கடைசி உதையை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். "எத்தனை தடவ போட்டாலும் கோல்தான் பாட்டி, நான் என்ன பண்ணட்டும்" என்று அலுத்துக்கொண்டார். நான் பார்த்தது உன்னை இல்லை, உனக்கு எதிரே நின்றவளை. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனாளே, அவளும் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டாள். கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். நீ கவனிக்கவில்லை, கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தாய். இரண்டு பிள்ளைகளும் ஒரே தகப்பனிடம் கேட்டால் அவர் யாருக்கென்று தலையாட்டுவார், சொல்லு. டெய்லர், "அந்தப் பக்கத்து மனு முந்திக்கிச்சு போல" என்றார். துணியளக்கிற ஸ்கேலால் முதுகில் ஒன்று வைத்தேன்.

சிலுவை என்ன வலையா, பந்தைப் பிடிக்க? நான் தினமும் சிலுவை போட்டுவிட்டுத்தான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்குகிறேன். என் கையில் சூடு பட்ட தழும்பு இல்லையா? சின்ன வயதில் நீயே அதைத் தடவித் தடவித் தூங்கியவள்தானே. சூடு படக் கூடாது என்று நான் போடுவதில்லை. பட்ட பிறகும் மறுநாள் பெட்டியைத் தூக்க வேண்டுமே, அதற்காகப் போடுகிறேன்.

ஆனால் இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் எந்தக் கோலில் நின்றேன்? திங்கட்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நேரே கோயில் பக்கத்து மைதானத்துக்குப் போனேன். சின்னச் சாமியார் அங்கிக்குப் பதில் அரைக்கால் சட்டையோடு பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தார். என்னைக் கோலில் நிற்க வைத்துப் பந்தை உதைக்கச் சொன்னேன். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பங்கு ஜனமே என்னை உதைக்கும் பாட்டி" என்றார். "மெதுவா உதைச்சீங்கன்னா அதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும் சாமி" என்றேன். சிரித்துக்கொண்டே உதைத்தார்.

அடியம்மா, அது எவ்வளவு பெரிய வாசல்! நம் வீட்டின் முன்சுவர் முழுதும் அதற்குள் நுழைந்துவிடும். என்னைத் தாண்டிப் போன பந்துகளை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. ஒன்று மட்டும் என்னைத் தேடி வந்து முழங்காலில் பட்டது. தடுத்துவிட்டேன், அதை எழுதி வைத்துக்கொள். ஆனால் பந்து படுவதற்கு முன்பே எனக்கு வலித்தது. கோலிலிருந்து பார்த்தால் நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பந்து உள்ளே போன பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் வலையைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. என் பேத்தி இத்தனை வருஷமாக இப்படி ஒரு இடத்திலா நிற்கிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெருமையில் மூச்சு முட்டியது.

முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அதற்காக என் வேலையை விடுவேனா? இன்றைக்குக் கோயிலில் சிலுவைப்பாதைப் படங்களை, ஆண்டவர் சிலுவை சுமந்து போகிற அந்தப் பதினான்கு நிலைகளையும், துடைக்கிற முறை. நீ இருந்தால் ஸ்டூல் இல்லாமலேயே எட்டித் துடைத்துவிடுவாய், இப்போது நிஜ ஒட்டடைக்குச்சிதான் துணை. எப்போதும் படபடவென்று துடைத்துக்கொண்டு போய்விடுவேன். இன்றைக்கு ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் போக முடிந்தது. உட்கார்ந்தால் பார்க்காமல் இருக்க முடியுமா?

மூன்றாம் படத்தில் ஆண்டவர் கீழே விழுகிறார். இரண்டு உள்ளங்கையும் தரையில். டெய்லர் போனில் நீ கிடந்தாயே, அச்சு அசல் அதே மாதிரி. ஏழாவதில் மறுபடி விழுகிறார். ஒன்பதாவதில் இன்னொரு தடவை. எழுந்திருக்கிற படம் எங்கே என்று தேடினேன். முதலிலிருந்து கடைசி வரை நொண்டிக்கொண்டே போய்த் திரும்பி வந்தேன். இல்லை. பீடத்துக்குப் பூ வைக்க வந்த சின்னச் சாமியாரிடம், "எழுந்திரிக்கிற படத்தை மாட்ட மறந்துட்டாங்களா சாமி?" என்று கேட்டேன். அவரும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படி ஒரு நிலையே கிடையாது பாட்டி" என்றார். விழுந்த படத்தையும் அதற்கு அடுத்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா அடுத்த படத்துல நின்னுட்டுத்தான் இருக்கார்" என்றார்.

அதுதான் குட்டி. இரண்டாம் தடவை விழுந்தவர், அடுத்த படத்தில் எழுந்து நின்று அழுகிற பெண்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்படி எழுந்தார், எத்தனை தடவை வழுக்கியது, யாரும் வரையவில்லை. நீயும் அப்படித்தான் எழுந்திருக்க வேண்டும். ஊர் பார்க்க வேண்டியதில்லை. நான் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன் என்பதும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். முதல் தடவை விழுந்த படத்துக்கு அடுத்த படத்தில் அவருடைய அம்மா வருகிறார்கள். சிலுவையை வாங்கவில்லை. "போதும்டா, வீட்டுக்கு வா" என்றும் சொல்லவில்லை. வந்து முன்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான். உன் அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். நினைத்த மாத்திரத்தில் அவளால் வர முடியாது.

அதனால் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்பே வந்துவிடுவேன். "இந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்று உன் அப்பன் குதித்தான். செல்போன் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அவனை அடக்கிவிட்டேன். டெய்லர் முழங்காலுக்கு ஒரு பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறார், ஸ்கேல் அடியை மன்னித்துவிட்டாராம். துணி கொடுத்தவர்களுக்கெல்லாம் திங்கட்கிழமைதான் பெட்டி சூடேறும் என்று சொல்லியாகிவிட்டது. கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன்: என் பேத்தி கோலில் நிற்கிறாள், நான் பின்னால் நிற்கப் போகிறேன்.

நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும், இருந்தாலும் பேச மாட்டேன். சிலுவை போடுவதும் போடாததும் உன் இஷ்டம். மனசில்லாவிட்டால் கையைச் சும்மா வைத்துக்கொள், உனக்கும் சேர்த்து நான் போட்டுக்கொள்கிறேன். எதிரே நிற்கிற பிள்ளைக்கும் ஒன்று போடுவேன், கோபித்துக்கொள்ளாதே. பந்து உள்ளே வந்தால் வரட்டும். அதை எடுக்க நீ வலைப் பக்கம் திரும்புவாய் அல்லவா, அப்போது அங்கே நான் இருப்பேன்.

இந்தத் தாளின் தலையில் கட்டைவிரலால் உனக்கு ஒரு சிலுவை போட்டிருக்கிறேன். மை இல்லை, அதனால் தெரியாது. நெற்றியில் வைத்துக்கொள். ஆண்டவர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிப்பாராக, பந்து நழுவிப் போன அந்தக் கைகளையே.

என்றும் உனக்காகச் செபிக்கிற
பாட்டி

பின்குறிப்பு: முழங்கால் ரொம்ப நேரம் தாங்காது. வலைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வை. அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? நீ இல்லாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?