நம் மலையிலிருந்து போன மணல்

அண்ணா,

குளித்த பிறகும் தலைமுடியில் கல்மாவு வாசனை போகவில்லை. இன்று உன் சின்னசேலத்து நிலத்தில், ஆழ்துளைக் கிணறு போட மறுபடி போர் வண்டி நின்றது. நீ போட்டு வறண்டுபோன இரண்டு குழிகளுக்கும் சற்றுத் தள்ளி.

இங்கே தண்ணீர் கிடைப்பது கடினம் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அண்ணியின் பிறந்த ஊரான விருத்தாசலம் பக்கம் உன் மச்சான் போட்ட போரில் தண்ணீர் பீறிட்டது. அதோடு வந்த மணலைத் துணிக்கடைப் பையில் அள்ளிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"பாரு பாப்பா, ஆத்து மணலு. அங்க வருதுன்னா இங்க இன்னாத்துக்கு வராது?"

கல்லூரியில் படித்த நிலவியலை எல்லாம் உன்னிடம் கொட்டினேன். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வரைக்கும் கடல் இருந்தது. ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் மணலையும் களிமண்ணையும் அடுக்கடுக்காகப் போட்டன. ஆழமில்லாத கடலடியில் சிப்பிகள் மடிந்து சுண்ணாம்பாகப் படிந்தன. மேலே ஏறிய பாரத்தில் எல்லாம் இறுகிக் கல்லானது. ஆனாலும் மணலுக்கு நடுவே இருந்த இடுக்குகள் மூடவில்லை. தண்ணீர் அதில்தான் நிற்கிறது. நம் பக்கம் அடிவரை ஒரே பாறை. விரிசல் அகப்பட்டால்தான் உண்டு என்றேன்.

முழுதும் கேட்டுவிட்டு, "அந்த மணல ஆறு எங்கேர்ந்து கொண்டாந்துச்சு?" என்றாய்.

"மேற்கேர்ந்துதான். நம்ம கல்வராயன் மலையும் கரைஞ்சி போயிருக்கும்."

"அப்போ நம்மூட்டு மண்ண வச்சிக்கினு மச்சான் கரும்பு போடறான். நான் பாறைய நோண்டிக்கினு கெடக்கறேன். நல்ல படிப்பு பாப்பா!"

அடுத்த வாரமே வண்டியைக் கூட்டி வந்தாய்.

இன்று காலை அண்ணி தேங்காயை என் கையில் கொடுத்தார். "நீயே எடம் காட்டு பாப்பா. அடுத்த தபா போட்டா உன்னதான் கேக்கணும்னு உங்க அண்ணன் சொல்லிச்சு."

எனக்கு எரிச்சல் பொங்கியது. உயிரோடு இருந்தபோது இதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? இந்த முறையும் தண்ணீர் வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணி பிறந்த ஊருக்கே போவதாக இருந்தார். அந்த நாளிலா என்னைக் கொண்டுவந்து நிறுத்துவது?

பழைய கிணற்றில் கசிந்த விரிசல் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து இடம் காட்டினேன். சாயங்காலம் வரைக்கும் வெள்ளைப் புழுதிதான் வந்தது.

வண்டி கிளம்பியதும் அண்ணி முந்தானையை உதறிக்கொண்டே சிரித்தார். "உங்க அண்ணன் இருந்திருந்தா உன்ன இன்னா ஓட்டு ஓட்டியிருக்கும்!" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அவர் கிழக்கே போகிறார். உன் மணல் பை என் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த ஊர் மணல்தானே, அவரிடமே கொடுத்தனுப்பலாம் என்று எடுத்தேன்.

கொடுக்க மாட்டேன். அது நம்மூட்டு மண்.