சித்திரையில் உன் அண்ணன் சொன்னது

போடிநாயக்கனூர்,
ஆவணி 12

அன்பு நண்பன் மொக்கச்சாமிக்கு,

நலம். நீயும் உன் மகன் வினோத்குமாரும் அங்கே நலமாக இருக்க வேண்டுகிறேன். ராசிங்காபுரம் ஈஸ்வரன் விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை உங்கள் நாட்டுக்கு வேலைக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன வாரம் இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் மழையையும் ஏலக்காய் விலையையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

மலையில் ஏலக்காய் முதல் எடுப்பு தொடங்கியிருக்கிறது. போடிமெட்டுப் பாதையில் பாறை விழுந்து இரண்டு நாள் ஜீப்புகள் ஏறவில்லை. உன் பங்குத் தோட்டத்தில் செடிகள் நன்றாக இருக்கின்றன.

உன் அண்ணன் காசிமாயனை ஆஸ்பத்திரியிலிருந்து போடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆடி மாதம் வாதம் அடித்ததுதான் உனக்குத் தெரியுமே. வலது கையும் காலும் அசையவில்லை. ஆள் தெரிகிறது, சொல்வது புரிகிறது. பேச்சு மட்டும் வரவில்லை. இனி வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அதைச் சொன்ன அன்று நீ போனில், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வர்றது மாப்ளே? என் தோட்டத்துக்கு வர்ற ஊத்துத் தண்ணிக் குழாய வெட்டி விட்டவன், மூணு வருசத்துல ஒரு வார்த்தை கூப்புட்டானா?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது.

உங்கள் நாட்டு அதிபரின் செய்தியைத் தினமும் படித்து வருகிறேன். இரண்டு பெரிய நாடுகள் அடித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று பேசுகிறேன் என்று யாரும் அழைக்காமலே கிளம்பினாரே, அதிலிருந்து. டீக்கடை ஒச்சப்பன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்த நாடு நம்ம தேனி சில்லா அளவுகூட இருக்காதாம்ல. அதுக்கு ஆசையப் பாரு" என்று சிரித்தார். நீயும் போனில், "இங்க ஒருத்தரு நடுவுல பூந்து பேசுறேங்கிறாரு, அப்படியே ஒன்னைய மாதிரி" என்று கேலி செய்தாய். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. உனக்கும் உன் அண்ணனுக்கும் நடுவில் என்னையும் யாரும் அழைக்கவில்லை. நானாகத்தான் வந்தேன்.

போன வாரம் ஒரு செய்தி வந்தது. நோயில் கிடக்கும் கைதிகளை விட்டுவிடலாம் என்று ஒரு தரப்பு அவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதாம். மற்றவற்றையும் பேசி முடித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று உடன் இருந்தவர்கள் தடுத்தார்களாம். அவர் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அன்றே அடுத்த நாட்டுக்குப் பறந்தாராம். அதைப் படித்துவிட்டுத்தான் உன்னை அந்த இரண்டு முறையும் அழைத்தேன்.

இனி மறைக்க முடியாது. சித்திரை மாதம் மலையில் உன் அண்ணனின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போயிருந்தேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல், சிரித்துக்கொண்டே, "ஏப்பா சர்வேயரே, குழாய நேத்தே மாட்டி விட்டாச்சு. அந்தக் கழுதைய வரச் சொல்லு. தனியா ஒக்காந்து சோறு திங்கப் பிடிக்கல" என்றார். அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை. அதே வாரம் நீ போனில், "அவன் ஒரு வார்த்தை கூப்புடட்டும், மறுநாளே பிளேன் ஏறிருவேன்" என்றாய். இரண்டையும் நோட்டில் தேதியிட்டு எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைத்தேன். அவர் சொன்னதை உன்னிடமோ, நீ சொன்னதை அவரிடமோ சேர்க்கவில்லை.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். முப்பத்தாறு வருடம் நிலம் அளந்தவன். இரு தரப்பும் வந்து நிற்காமல் எந்த எல்லைக் கல்லையும் நட்டதில்லை. ஒருவர் மட்டும் வந்து காட்டும் எல்லையைக் குறித்ததும் இல்லை. அந்த விதியை உங்கள் பேச்சுக்கும் வைத்துவிட்டேன். இது பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான் பதினோரு நிபந்தனைகளோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தேன். கோடையில் யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், குழாய் உடைந்தால் யார் சரிசெய்வது என்றெல்லாம். பதினோராவது நிபந்தனை, சந்தேகம் வந்தால் அமாவாசையாகிய என் முடிவே இறுதி என்பது. நீங்கள் இருவரும் என் வீட்டில் அதில் கையெழுத்துப் போட வேண்டும், நான் நடுவில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீங்களாகவே சேர்ந்துகொண்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வைகாசியில் உன் அண்ணன், "என்ன சொன்னான்?" என்று கேட்டார். ஒப்பந்தம் எழுதி முடியவில்லை. "யோசிக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். அதன் பிறகு என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலருகே நின்று, உன் அண்ணி மகாராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாலு மாசமாப்பா?" என்று மட்டும் கேட்டார். கட்டில் விரிப்பைச் சரிசெய்துகொண்டே, "மலையில இருந்தவரைக்கும் ஜீப்பு சத்தம் கேட்டா வெளிய வந்து பாப்பாருப்பா. நான் லோடு ஏத்தத்தான் பாக்குறாருன்னு நெனச்சேன்" என்றார்.

உன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். என்னை வெளியே போகச் சொன்னாரா, உன்னை அழைத்துவரச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பானால் நானாக ஒரு பொருள் கண்டு நோட்டில் எழுதியிருப்பேன். நேற்று எழுதவில்லை.

மொக்கச்சாமி, என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உன்னை உன் அண்ணன் கூப்பிட்டார். வாய் நன்றாக இருந்தபோதே, சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். நீ மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் நேற்று வரை படுத்திருந்தார். இதைப் படித்ததும் கிளம்பு. வரும் நாளை எனக்குத் தெரிவிக்காதே, உன் அண்ணிக்கே சொல். அந்தக் கை எதைக் காட்டியது என்பதை நீயே வந்து அவரிடம் கேட்டுக்கொள். அதுவரை அவரை நல்லபடியாக வைத்திருக்கும்படி கடவுளை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்ட
அமாவாசை