அன்று லொறி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை, சூசை

என் அன்புக் கூட்டாளி சூசைக்கு,

நீ கண்மூடி ஒரு வருடம் முடிந்துவிட்டது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பதினொரு வருடம் ஒரே லொறியின் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நீ ஓட்டினாய். நான் ரிப்பேர் வேலைகளைப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சண்டை முடிந்துவிட்டது, சூசை. மாத்தளை டவுனில் பட்டாசு கொளுத்தினார்கள், பாற்சோறு பங்கிட்டார்கள். அலுவிகாரைக்கு இந்தப் பக்கம் அந்த இராணுவச் சோதனைச்சாவடி இருந்த இடத்தில் இப்போது மணல்மூட்டை ஒன்றுகூட இல்லை. ஒருவர் செவ்விளநீர் விற்கிறார். போன மாதம் பஸ் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. எல்லாரும் இறங்கிக் குடித்தார்கள். எனக்கு இறங்க முடியவில்லை.

அன்று அங்கே நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வில்கமுவவிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வந்தோம். மூட்டைகளைக் குத்திப் பார்க்க வேண்டும், எஞ்சினை நிறுத்து என்றார்கள். நிறுத்தினாய். பார்த்து முடித்து, போகச் சொன்னார்கள். நீ சாவியைத் திருப்பினாய். ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

நீ பதறவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாய். "பெட்டரி நல்லா இருக்கு. மச்சான், பின்னால போய் புகை வருதான்னு பாரு" என்றாய். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். நீ சுற்றினாய். சொட்டுப் புகை இல்லை. "அப்ப எஞ்சினுக்கு டீசலே ஏறல" என்று இறங்கினாய். டாங்கிக்குள் குச்சியை விட்டாய், பாதிக்கு மேல் நனைந்திருந்தது. எஞ்சினை நிறுத்தும் கேபிள் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தாய். பிறகு பில்டரின் மேல் திருகாணியைத் தளர்த்தி, பம்ப்பைக் கையால் அடித்தாய். டீசல் நுரைத்து நுரைத்து வந்தது. எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லை.

"எங்கயோ காத்து இழுக்குது மச்சான்" என்றாய். அடுத்துக் கேட்டாயே, அந்தக் கேள்விதான் என்னை இன்றுவரை தூங்கவிடவில்லை. "டாங்கிக்குப் பக்கத்துல அந்தக் கிண்ணத்துக்கு வாஷர் புதுசு போட்டதானே?"

டீசலில் இருக்கும் தண்ணீரைப் பிடிக்கிற சின்னக் கிண்ணம் அது. அதன் ரப்பர் வாஷர் காய்ந்து போயிருக்கிறது, மாற்று என்று இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தாய். நான் வாங்கிவந்த வாஷர் பெரிதாக இருந்தது. திரும்பக் கடைக்குப் போகச் சோம்பல். பழையதையே புரட்டிப் போட்டு இறுக்கிவிட்டேன். வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, சரிதான் என்று நினைத்தேன். அந்த இடத்தில் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும் என்பது எனக்குத் தெரியாததா?

"புதுசுதான்டா போட்டீக்கிறேன்" என்றேன்.

வெட்கம், சூசை. முதலில் வெறும் வெட்கம்தான். பக்கத்தில் துவக்கோடு ஒரு சிப்பாய் நின்றான், அவன் முன்னால் சோம்பேறியாக நிற்க மனமில்லை. நீ என்னை நம்பினாய். அந்தக் கிண்ணத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றினாய். முக்கால் மணி நேரம். எந்தப் பெரிய மனிதரின் வாகனங்களோ வரப்போகின்றன என்று அவர்கள் அவசரப்பட ஆரம்பித்தார்கள். அதிகாரி வந்தார். உன் அடையாள அட்டையை வாங்கி, அந்தத் தமிழ்ப் பெயரை இரண்டு தரம் வாசித்தார். "சரியாக இந்த இடத்தில் மட்டும் ஏன் நின்றது?" என்று சிங்களத்தில் கேட்டார். நீ என்னைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாய். உன்னை உள்ளே கூட்டிப்போனார்கள். என்னிடம், அரை மணி நேரத்தில் லொறி வீதியில் இருக்கக் கூடாது என்றார்கள்.

ஸ்டார்ட் ஆனால் உன்னை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சாமான் பெட்டியில் கிடந்த பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டிக் கிண்ணத்துக்குப் போட்டேன். காற்றை எடுத்தேன். மூன்றாம் சுற்றில் பிடித்தது. நான் ஓடினேன்.

"சேர், ஸ்டார்ட் ஆகிவிட்டது. டிரைவரை விடுங்கள்."

அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ பத்து நிமிஷத்தில் செய்துவிட்டாய். அவன் எத்தனை வருஷ டிரைவர்?"

"பதினெட்டு, சேர்."

"பதினெட்டு வருஷ டிரைவருக்கு முடியாதது உனக்கு எப்படி முடிந்தது? அப்படியென்றால் அவன் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது, பொய் சொன்னவன் நான் என்று. இந்த முறை வெட்கம் இல்லை. பயம். சொன்னால் என்னையும் உள்ளே போடுவார்கள் என்ற பயம். லொறியை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஏழு மாதம் உன்னை உள்ளே வைத்திருந்தார்கள். உன் மனைவி பிலோமினாவோடு நான் ஏறாத வாசல் இல்லை. அது நட்பு என்று ஊர் சொன்னது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். வலது காது கேட்காமல் திரும்பி வந்தாய். எஞ்சினின் நோயைக் காதாலேயே சொல்கிறவன், அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இரத்தோட்டையில் ஒரு கராம்பு ஸ்டோரில் காவல் வேலைக்குப் போனாய்.

எத்தனை தடவை கேட்டாய்! "மச்சான், அன்னைக்கு அதுக்கு என்னதான்டா? நீ எப்படி ஸ்டார்ட் பண்ணுன?" ஒவ்வொரு தடவையும், "தானாப் பிடிச்சிச்சி, என்னா ஏதென்டு எனக்கும் தெரியாது" என்றேன். "அப்ப எனக்குத்தான் வேலை மறந்துபோச்சு போல" என்பாய். கடைசியாக ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரரிடம் என்னைக் காட்டி, "இவன் இல்லாட்டி என் பொஞ்சாதி புள்ளைங்க தனிச்சிருக்கும்" என்று சொன்னாய். நான் தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டாய். எழுப்பியிருக்கலாம்.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே உன் வீட்டுக்குப் போனேன். பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இது அவருக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது தங்கச்சி."

"ராத்திரி ராத்திரியா எழும்பி உக்காந்து என்கிட்ட கேப்பாரு, நான் எதைப் பாக்காம விட்டேன்னு. எனக்கு என்னாத்த தெரியும், நான் என்னா சொல்றது?" அவள் அழவில்லை. "எழும்பிப் போங்கண்ணே."

நான் எழும்பினேன். வாசல் படலை வரை வந்துவிட்டேன். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழம கொழும்பிலயிருந்து மகன் வாறான். அப்பா வேல தெரியாமத்தான் மாட்டிக்கிட்டாருன்னு நெனைச்சிக்கிட்டு இருக்கான். அவன்கிட்டயும் உங்க வாயாலயே சொல்லுங்க."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. உன்னிடம் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்பது?

நாளை ஞாயிறு. உன் மகன் உன் உயரம், உன் கோபம். அடிப்பானோ, வெளியே போ என்பானோ தெரியாது. என்ன செய்தாலும் சரி, அவன் முன்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வேன். அவன் அப்பாவின் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்று சொல்வேன். இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்வேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன்னிடம் சொல்லப் பன்னிரண்டு வருடம் இருந்தும் சொல்லாமல் போன,
உன் மச்சான் நியாஸ்