கைப்பைக்குள் அடங்கும் டேப்லெட்

ஜூன் 4

என் அக்காவுக்கு,

பொடிசு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த பை கம்பெனியில் ஒரு சீனியர் இருந்தாரே, நான் ‘ஜிப்பு சார்’ என்று உன்னிடம் கேலி பேசுவேனே, அவர் இப்போது சொந்தமாகத் தொழில் ஆரம்பித்திருக்கிறார். பள்ளிக்கூடப் பை, பயணப் பை. டிசைன் வரைய ஆள் தேடுகிறார். ஆகஸ்டுக்குள் மூன்று பை வரைந்து காட்டு, பிடித்திருந்தால் வேலை என்கிறார். ஆனால் பேப்பரில் வரைந்தால் வாங்கமாட்டாராம். டேப்லெட்டில்தான் வரையவேண்டும். பையின் உடம்பு ஒரு லேயர், பட்டை ஒரு லேயர், நிறம் ஒரு லேயர் என்று பிரித்து அனுப்பவேண்டும்.

நீ தினமும் கம்பெனிக்காகக் குழந்தை வண்டி டிசைன் வரைகிறவள். எந்த டேப்லெட் வாங்கட்டும்? எந்த ஆப்? என் கைப்பைக்குள் முழுசாக அடங்கவேண்டும். நெட் இல்லாமல் ஓடவேண்டும். மாதாமாதம் கார்டில் பணம் எடுக்கிற ஆப் ஆகாது. திரையில் பேனா தட்டும் சத்தமும் வெளியே கேட்கக்கூடாது.

என் வீட்டுக்காரருக்கு இப்போதைக்குத் தெரியவேண்டாம். என் ஃபோனுக்கு வருவதெல்லாம் இவர் லேப்டாப்பிலும் வரும். சர்ப்ரைஸ் போய்விடும். பதிலை எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கிற பல் டாக்டர் கிளினிக் முகவரிக்குப் போடு. ரிசப்ஷனில் இருக்கும் பெண் என் தோழி.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன்
பொடிசு


ஜூன் 13

அடி பொடிசு,

கல்யாணமாகிப் போன இந்த ஏழு வருஷமாக நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. இப்போது முதல் தடவையாகக் கேட்கிறாய், அதுவும் இத்தனை கண்டிஷனோடு! உளவாளி வேலைக்கு ஏதாவது சேர்ந்திருக்கிறாயா? உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

சரி, வேலைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் செருகி வரைகிற பலகை ஒன்று விற்கிறார்கள், அது வேண்டாம். கை ஓரிடத்தில், கண் ஓரிடத்தில். பழகுவதற்குள் ஆகஸ்டு போய்விடும். திரையிலேயே வரைகிற மாதிரி வாங்கு. கடையில் சும்மா கிறுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. மெ...துவாக ஒரு குறுக்குக் கோடு போடு. மட்டமான டேப்லெட் என்றால் கோடு படிக்கட்டு மாதிரி வரும். உள்ளங்கையைத் திரையில் வைத்துக்கொண்டு வரை. கை பட்ட இடத்தில் கறை விழக்கூடாது. பேனாவைச் சாய்த்தால் நிழல் அகலமாக விழவேண்டும். சத்தத்துக்கு, மேலே சொரசொரப்பான ஃபிலிம் ஒட்டிக்கொள். பேப்பரில் எழுதுகிற மாதிரி இருக்கும், பேனா முனைதான் சீக்கிரம் தேயும்.

ஆப் விஷயம்: இலவசமாகக் கிடைப்பதில் பாதி, நெட் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. கோடுகளைக் கணக்காகப் போடுகிற ஒரு வகை உண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, ஆனால் முதல் ஸ்கெட்ச்சுக்கு விறைப்பாக இருக்கும். ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற ஒன்று இருக்கிறது. லேயர் தாராளம். நான் தினம் பத்து மணி நேரம் அதில்தான் குப்பை கொட்டுகிறேன். அதையே எடு.

ஒன்று சொல்லட்டுமா? சின்னத் திரை உனக்கு வேண்டாம். பை என்றால் நீள நீளமான வளைவு. தோளிலிருந்து கை வரவேண்டும். உன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் கடையையே தூக்கிக்கொண்டு வருவார். போன தடவை வந்தபோது என் பெட்டியை ஒரு படிகூட என்னைத் தூக்கவிடவில்லையே அந்த மனுஷன்.

முத்தங்களுடன்
அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்கா,

கிளினிக்கில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். உள்ளே பல்லைக் குடைகிற சத்தம். பக்கத்தில் கன்னம் வீங்கிய ஒரு பெரியவர், நான் சிரிப்பதைப் பார்த்து முறைத்தார்.

நேற்று கடைக்குப் போனேன். முதல் டேப்லெட்டில் நீ சொன்ன படிக்கட்டு. இரண்டாவதில் உள்ளங்கைக் கறை. மூன்றாவது சின்னது. முனை தொட்ட இடத்திலேயே கோடு விழுந்தது. ஒரு பையின் தோள்பட்டையை வரைந்தேன். ஒரே இழுப்பில் வளைவு வந்துவிட்டது அக்கா! கடைப் பெண் எட்டிப் பார்த்து, “நீங்க டிசைனரா மேடம்?” என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஃபோன் அடித்தது. இவர்தான்.

“எங்க இருக்க?”

“காய் வாங்க வந்தேன்.”

“காய்க் கடையில ஏ.சி. ஓடுதா?”

“சூப்பர் மார்க்கெட்டுங்க.”

“எந்த சூப்பர் மார்க்கெட்?”

சொன்னேன். “சரிம்மா, பில்லை எடுத்து வை” என்றார். கோபமெல்லாம் இல்லை. இவர் கோபப்பட்டு நீ பார்த்திருக்கிறாயா? டேப்லெட்டை அப்படியே வைத்துவிட்டு, நான் சொன்ன அந்தக் கடைக்கு ஓடினேன். தக்காளி வாங்கி, பில் வாங்கி, அதில் நேரம் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சின்னதைத்தான் வாங்கப்போகிறேன். பெரிது வேண்டாம் அக்கா. தயவுசெய்து அதைப் பற்றி இனிமேல் எழுதாதே.

உன்
பொடிசு


ஜூலை 1

பொடிசுக்கு,

முதலில் திட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணு. பண்ணிவிட்டாயா? உன் சர்ப்ரைஸை நான் உடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். அத்தானுக்கு முதுகு எப்படி இருக்கிறது, எனக்கு வேலை எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பேச்சுவாக்கில் நான், “என்ன தம்பி, டேப்லெட் வாங்கியாச்சா அவளுக்கு?” என்று கேட்டுவிட்டேன். சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சிரித்துவிட்டார். “அவ என்கிட்ட சொல்லலையேக்கா. எதுக்காம்?” என்றார். ஜிப்பு சார் விஷயத்தைச் சொன்னேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அவருக்கு! எந்த மாடல் நல்லது என்று என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டார். நானும் இருப்பதிலேயே பெரியதைச் சொன்னேன்.

நீ கடையில் அலைந்ததைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பொய் சொல்லி, பில் சேர்த்து... எதற்கடி இதெல்லாம்? அக்கறை அதிகமுள்ள மனுஷன். அவ்வளவுதான். மனசு விட்டுப் பேசினால் முடிந்துவிடும்.

பெரிய திரையில் வரைந்து எனக்கு ஒன்று அனுப்பு.

அக்கா


ஜூலை 12

அக்கா,

டேப்லெட் வந்துவிட்டது. நீ சொன்ன அதே பெரியது.

பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, என்னையே பிரிக்கச் சொன்னார். “உங்க அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியுது. நான் என்ன வேத்து மனுஷனா?” என்று சிரித்தபடியே கேட்டார். அதற்கப்புறம் நான்கு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே உட்கார்ந்து டேப்லெட்டை எனக்குத் தயார் பண்ணிக் கொடுத்தார். கணக்கு அவர் பெயரில். விரல்ரேகை அவருடையது முதலில், என்னுடையது இரண்டாவது. நான் வரைவது அப்போதைக்கப்போது ஆபீஸில் அவர் ஃபோனில் தெரியும்.

வரைந்தேன். வேறு வழியில்லை, நாள் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிப் பை ஒன்று. முன்பக்கம் முடித்து, பட்டைக்கு வந்திருந்தேன். என் கண்ணெதிரே பை காணாமல் போனது. முதலில் உடம்பு, அப்புறம் நிறம். கையில் பேனாவோடு வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபோன் வந்தது. “நான்தான் அழிச்சேன். எதுக்கு அந்த ஆளுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கற? பூ வரையேன், அழகா இருக்கும்.”

கைப்பைக்குள் அடங்கவேண்டும் என்றேன். சத்தம் கூடாது என்றேன். கார்டு கூடாது என்றேன். இத்தனை எழுதியும் உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? அக்கறை என்று எழுதுகிறாய். அவர் என்னை அடித்ததில்லை அக்கா. ஒரு தடவைகூட இல்லை. அதனால்தான் யாரிடம் போய் எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லாமலே உனக்குப் புரியும் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.


ஜூலை 20

பொடிசு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துத் திரும்பப் படித்தேன். அத்தானும் படித்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு கிளினிக் முகவரிக்கு ஒரு பார்சல் வரும். அதில் இருப்பது என்னுடைய சின்ன டேப்லெட். பயணத்தில் வரைய வைத்திருந்தது. மூலையில் ஒரு கீறல் இருக்கிறது, வரைவதற்கு இடைஞ்சல் பண்ணாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உன் பெயரில்கூட இல்லாமல் புதுக் கணக்கு போட்டிருக்கிறேன். நான் சொன்ன ஆப் உள்ளே இருக்கிறது, காசு கட்டியாகிவிட்டது. ஃபிலிம் ஒட்டிவிட்டேன். வீட்டு வைஃபையில் எக்காரணம் கொண்டும் இணைக்காதே. வீட்டுக்கே எடுத்துப் போகாதே, ரிசப்ஷன் பெண்ணிடம் பூட்டி வைக்கச் சொல். வரைந்ததை ஜிப்பு சாருக்கு கிளினிக் நெட்டிலிருந்து அனுப்பு. திரை சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்படாதே. பையைப் பாதிப் பாதியாகப் பெரிதாக்கி வரை, வளைவு நீளும்.

உன் வீட்டுக்காரர் இனி என்னிடம் பேசினால் உன்னைப் பற்றி ஒரு எழுத்து வெளியே வராது.

கோபமாகவே இரு. வரைவதை மட்டும் நிறுத்தாதே.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

பார்சல் வந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன். காலையில் வீட்டில் பெரிய டேப்லெட்டில் அவருக்காக ரோஜா, செம்பருத்தி, ஒரு பூந்தொட்டி. “இப்பதான் நல்லா இருக்கு” என்று மெசேஜ் வரும். அப்புறம் கீழே கிளினிக்கில், காத்திருப்பவர்களோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பை. பல்வலிக்காரர்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நல்ல ஜனங்கள்.

மூன்றாவது பை முடிகிற நாள். பட்டையின் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் பெண் திடீரென்று என் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி, எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்துவார்களே, அந்தக் கனமான அங்கிக்கு அடியில் செருகினாள். “உள்ள போங்க” என்றாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இவர் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு!

உள்ளே ஓடினேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கேள்வியே கேட்கவில்லை. “உக்காருங்க. வாயைத் திறங்க” என்றார். பஞ்சைத் திணித்தார்.

இவர் டாக்டர் அறை வாசலுக்கே வந்துவிட்டார். “வீட்டுல ஆள் இல்லையேன்னு தேடி வந்தேன். பல்வலின்னு சொல்லவே இல்லையே நீ?”

“அவங்களால இப்ப பேச முடியாதுங்க” என்றார் டாக்டரம்மா. “மரத்துப் போயிருக்கு. நீங்க வெளிய இருங்க.”

“நான் இங்கயே நிக்கறேனே.”

“வெளிய இருங்கன்னு சொன்னேன்.”

அப்படி ஒருவர் அவரிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் போனார். டாக்டரம்மா ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பல்லைக் குடைகிற கருவியைச் சும்மா ஓடவிட்டு, இல்லாத பல்வலிக்குச் சத்தம் எழுப்பினார். வாயில் பஞ்சோடு அழுதேன். எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும், நினைத்துப் பார்!

படங்கள் அன்று சாயங்காலமே போய்விட்டன. ரிசப்ஷன் பெண்தான் அனுப்பினாள். வேலை கிடைத்துவிட்டது அக்கா. ஜிப்பு சார் கம்பெனி இருப்பது வேறு ஊரில், அதன் பெயரோ ஊரோ இவருக்குத் தெரியாது. தங்குவதற்குப் பெண்கள் விடுதி சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை, இவர் ஆபீஸ் போனதும் கிளம்புகிறேன். டாக்டரம்மாவே காரில் ஸ்டேஷனில் விடுகிறேன் என்றிருக்கிறார். மேஜையில் ஒரு சீட்டு எழுதி வைப்பேன்: நானாகத்தான் போகிறேன், தேடவேண்டாம் என்று.

பயமாக இருக்கிறது. கம்பெனி முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே எழுது.

உன்
பொடிசு


ஆகஸ்ட் 21

என் பொடிசுக்கு,

நீ போய்ச் சேர்ந்தாயா? இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தால் முதலில் அதைச் சொல்.

அவர் ஃபோன் செய்தார். மூன்று தடவை எடுக்கவில்லை, நான்காவது எடுத்தேன். “அக்கா, அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்” என்றார். “தெரியும் தம்பி. சொல்லமாட்டேன்” என்றேன். அழுதார். “நான் அவளுக்கு என்னக்கா குறை வெச்சேன்? கேட்டதுக்கு மேலேயே வாங்கிக் குடுத்தேனே” என்றார். உன்னிடம் மறைக்கக்கூடாது: என் மனசு இளகத்தான் செய்தது. எத்தனை வருஷமாகத் தம்பி தம்பி என்று கூப்பிட்ட வாய்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாரோ என்னவோ, குரல் தெளிந்துவிட்டது. “சரி, இப்ப எந்த டேப்லெட்ல வரையறா? கணக்கு யார் பேர்ல போட்டிருக்கீங்க?” என்றார்.

ஃபோனை வைத்துவிட்டேன். எழுந்து போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். நீ ஏழு வருஷம் அவரோடு இருந்திருக்கிறாய்.

அக்டோபரில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் வருவேன்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன், வேலையிலும் சேர்ந்துவிட்டேன். விடுதி அறையில் ஜன்னல் சின்னது, கட்டில் ஆடுகிறது, கூட இருக்கும் நர்ஸ் குறட்டை விடுகிறாள். நன்றாகத் தூங்குகிறேன். வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். அது மெதுவாகத்தான் நடக்குமாம். ரோட்டில் அவர் மாதிரி சட்டை போட்டவர் யாராவது வந்தால் இன்னும் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுகிறேன்.

ஜூலையில் உனக்கு எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நீயும் கேட்கமாட்டாய். ஆனால் அக்டோபரில் வா. கண்டிப்பாக வா.

நேற்று மீட்டிங். ஜிப்பு சார், தையல் சூப்பர்வைசர், விற்பனைக்காரர் இரண்டு பேர், நான். ஜிப்பு சார் என் படத்தைப் பெரிய திரையில் போட்டு, பள்ளிப் பையின் பக்கவாட்டில் தண்ணீர் பாட்டில் செருகுகிற உறையை இன்னும் பின்னால் தள்ளச் சொன்னார். முன்பக்கம் பார்க்க லட்சணமாக இருக்குமாம்.

“இல்ல சார். அது சரியா வராது” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாராவது சிரிப்பார்கள், நான்கு நாளைக்கு யாரும் என்னோடு பேசமாட்டார்கள் என்று காத்திருந்தேன்.

“ஏம்மா?” என்றார், பேனாவை என் பக்கம் நீட்டி.

சின்னப் பிள்ளைக் கை அவ்வளவு பின்னால் எட்டாது என்று, தோளையும் முழங்கையையும் வரைந்து காட்டினேன். அவர் பாதி ஒத்துக்கொண்டார். மீதிக்குச் சண்டை போட்டார். நானும் போட்டேன். சூப்பர்வைசர் எங்கள் இரண்டு பேரையும் திட்டினார். மணி ஒன்றரை ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் எழுந்து போய், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

உன்
பொடிசு