பதினான்காம் எண் படகு

அண்ணா,

இன்று காலை பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட ஆள் வந்திருந்தார். பைபர் துணியை விரித்துப் பிசினைக் கலக்கினார். அந்த நெடி ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த காபி இறங்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன், பிரயோஜனமில்லை. அதற்குள் நீங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள், அழுக்கு லுங்கியும் முழங்கை வரை பிசினுமாக. உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்து இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு விட்டால் இனி எழுத மாட்டேன்.

உங்கள் பட்டறையின் நெடி அது. மாரண்டஹள்ளியில் தொட்டி செய்துகொண்டிருந்த உங்களிடம், சென்னைக்காரர் ஒருவர் உடைந்த பாய்மரப் படகு ஒன்றைக் கொண்டுவந்து போட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒட்டுப் போட்டுக் கொடுத்ததோடு நீங்கள் நிற்கவில்லை. ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு படகுக்கு அச்சு செய்தீர்கள். 'குருவி' என்று பெயரும் வைத்தீர்கள். பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லித்தருகிற என்னைத் தேடிவந்து, ஆங்கிலத் தாள் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தீர்கள்.

"மேடம், இதுல இருக்கற அளவ மட்டும் படிச்சுச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மிச்சத்தை நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டீர்கள்? பதினோரு வருடம் என் தலையில் அல்லவா கட்டினீர்கள்! ஒரே அச்சில் வார்த்த படகுகள் தங்களுக்குள் மட்டும் போட்டியிட வேண்டும், அதற்கு ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்கு ஒரு செயலாளர் வேண்டும் என்றீர்கள். அன்றிலிருந்து நான் மேடம் இல்லை, 'செக்ரட்டரி'. நீங்கள் படகை அளப்பவர், போட்டியை நடத்தும் ரேஸ் ஆபீசர். "தர்மபுரியில குடிக்கவே லாரித் தண்ணி. இவங்க கப்பல் வுடறாங்களாம்" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்றீர்கள். ஐதராபாத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் குருவி வாங்க மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் வந்து வழி கேட்டபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

சங்கம் நடத்துவது என்றால் கொடி அசைப்பது என்று நினைத்திருந்தேன். அது முழுக்கச் சண்டை என்று பிறகுதான் தெரிந்தது. சுக்கான் பலகை இரண்டு மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று ஒருவர் புகார் கொடுப்பார். அதை மறுத்து இன்னொருவர் நான்கு பக்கம் எழுதுவார். நானும் நீங்களும் போடாத சண்டையா? ஆனால் ஒரு விஷயத்தில் நமக்குள் சண்டையே வந்ததில்லை. தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு படகின் பாயில் எழுதிய எண்ணும் என் பலகையில் இருக்க வேண்டும். யாராவது பாயை மாற்றினால் என்னிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பலகையில் திருத்தி, உங்களிடமும் வாயால் சொல்ல வேண்டும். "கரையில இருக்கறப்ப அது படகு, தண்ணியில எறங்கிட்டா அது ஆளு. படக எண்ணாதீங்க செக்ரட்டரி, ஆள எண்ணுங்க" என்பீர்கள்.

நாகமரையில் நடந்த போட்டிக்கு வருகிறேன்.

அதற்கு முந்தைய வருடம் வேறொரு மாநிலத்து ஏரியில் காற்றே இல்லாமல் நம் தேசியப் போட்டி பாதியில் நின்றது. நான்கு ரேஸாவது முடிந்தால்தான் போட்டி செல்லும் என்பது விதி. தொடர்ந்து இரண்டாம் வருடமும் செல்லாமல் போனால் போட்டிப் படகுகளின் தேசியப் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. பட்டியலில் இல்லாத படகை யார் ஓட்டுவார்கள்? அதனால் இந்தத் தடவை நம் மாவட்டத்திலேயே, அணைத் தண்ணீர் தேங்குகிற நாகமரையில் நடத்துவோம் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். ஆடியில் வைத்தால் காற்று இருக்கும், அணைத் தண்ணீர் நாகமரை வரைக்கும் ஏறியிருக்காது. புரட்டாசியில் வைத்தால் தண்ணீர் இருக்கும், காற்றை நம்ப முடியாது. தண்ணீரை நம்பிப் புரட்டாசியில் வைத்தோம்.

முதல் இரண்டு நாளில் மூன்று ரேஸ்தான் முடிந்தது. கடைசி நாள் இருபத்திரண்டு படகும் கரையில் பாயைத் தொங்கப்போட்டு நின்றன. மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்த ரேஸையும் தொடங்கக் கூடாது. பத்து மணிக்குக் காற்று இல்லை. பதினொன்றுக்கும் இல்லை.

அந்தப் பதினோரு மணிக்குத்தான் ஓசூர் கவிதா என்னிடம் வந்தாள். பதினான்காம் எண் படகுக்காரி. கரையோர முள்ளில் மாட்டி அவள் பாய் கிழிந்துவிட்டது. முதல் நாளே காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்ட ஒருவரின் முப்பத்திரண்டாம் எண் பாய் சும்மா கிடக்கிறது, அதைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எழுதியும் கொடுத்தாள். "கட்டிக்கோ" என்று கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கோப்பில் செருகினேன். பலகையை எடுக்கத் திரும்பினேன். அதே நேரம் மாது என்ற பரிசல்காரர் கரையில் நின்று சத்தம் போட்டார்.

"எங்க வலைக்கு மேலயே மிதவை போட்டிருக்கீங்களே, நாங்க மீன் புடிக்கறதா வேணாமா?"

அவரைச் சமாதானப்படுத்தி, மிதவையைத் தள்ளிப் போட்டு முடிக்க ஒரு மணி நேரமானது. பலகை மறந்துபோயிற்று. உங்களிடம் சொல்வதும் மறந்துபோயிற்று.

ஒன்றரைக்குக் காற்று வந்தது. ஒன்று ஐம்பதுக்குக் கொடியை இறக்கினீர்கள், படகுகள் கிளம்பின. நம் விசைப்படகில் நீங்களும் நானும் ஓட்டுநரும் மட்டும். நம் படகின் கொடிக்கம்பத்துக்கும் எதிரே மிதந்த ஆரஞ்சு மிதவைக்கும் நடுவேதான் முடிவுக் கோடு. ஒரே ஒரு படகு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், ரேஸ் செல்லும், போட்டி செல்லும், குருவி பிழைக்கும். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கருக்குது" என்றீர்கள்.

"இன்னும் பத்து நிமிஷம்தாண்ணா."

பத்து நிமிடம் கிடைக்கவில்லை. மலைப்பக்கமிருந்து தண்ணீர் கறுத்துக்கொண்டே நம்மை நோக்கி வந்தது. தூரத்து மிதவையைச் சுற்றிக்கொண்டிருந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. மழையும் சேர்ந்து அடித்தது. இரண்டு பாதுகாப்புப் படகுகளும் அங்கே பறந்தன. நான் வாக்கிடாக்கியில் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுப் பலகையில் குறித்தேன். மூன்று இருக்கிறதா, இருக்கிறது. ஏழு இருக்கிறதா, இருக்கிறது. பதினான்கு இருக்கிறதா?

"பதினாலக் காணம் மேடம்."

திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதே பதில்.

"எத்தன?" என்றீர்கள்.

"இருவத்தொண்ணு. கவிதாவக் காணோம்."

அந்த நிமிடம் முன்னால் வந்துகொண்டிருந்த கொச்சிக்காரர் நம் கோட்டுக்கு நாற்பது மீட்டரில் இருந்தார். அவர் முகம்கூடத் தெரிந்தது. பாதுகாப்புப் படகுகள் கவிழ்ந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தன, அவற்றை நகர்த்த முடியாது. மிச்சம் இருந்த ஒரே விசைப்படகு நம்முடையது. அது நகர்ந்தால் கோடு இல்லை.

"நங்கூரத்தத் தூக்கு" என்று ஓட்டுநரிடம் சொன்னீர்கள்.

நான் உங்கள் கையைப் பிடித்தேன். "அண்ணா, ஒரு நிமிஷம். வந்துட்டாரு, பாருங்க. ஒரே நிமிஷம்."

"தண்ணிக்குள்ள கெடக்கறவளுக்கு ஒரு நிமிஷம்னா எவ்வளவுன்னு தெரியுமா ஒனக்கு?"

பதினோரு வருடத்தில் என்னை ஒருமையில் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். மூன்று முறை ஹாரனை அழுத்தினீர்கள். ரேஸ் ரத்து. கொச்சிக்காரர் பாய்க்கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டதைக் கடந்து நாம் போனோம்.

இருபது நிமிடம் தேடினோம். மாதுவும் இன்னும் நான்கு பரிசல்காரர்களும் யாரும் கூப்பிடாமலே வந்து துடுப்புப் போட்டார்கள். நீங்கள் முன்முனையில் நின்று அவள் பெயரைக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. நான் என்னவெல்லாமோ வேண்டிக்கொண்டேன். தீர்த்தமலைக்கு நடந்தே வருகிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

மழை விட்டதும் ஒரு பாறைத்திட்டின் மறைவில் நான்கைந்து படகுகள் ஒதுங்கியிருந்தது தெரிந்தது. அதில் ஒன்றில் கவிதா உட்கார்ந்து படகுக்குள் தேங்கிய தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னையாங்க தேடறீங்க? நான் கவுழவே இல்லையே. பாதுகாப்புப் படகு ரெண்டு தடவ என்னப் பாத்துட்டுத்தானே போச்சு?"

அவள் தலைக்குமேல் பாய் படபடத்தது. முப்பத்திரண்டு. காலையில் கோப்பில் செருகிய சீட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் அந்த எண்ணைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "பொண்ணு நல்லா இருக்கா. போதும்" என்று உட்கார்ந்துவிட்டீர்கள்.

மாலையில் கொச்சிக்காரர் கொடுத்த மனு விசாரணைக்கு வந்தது. பந்தலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பாய் மாற்றியதை யாரிடம் சொன்னாய் என்று கவிதாவைக் கேட்டார்கள். "காலையிலேயே மேடத்துக்கிட்ட எழுதிக் குடுத்தேனுங்க" என்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன், அண்ணா. அதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"குடுத்துச்சு. செக்ரட்டரியும் எங்கிட்ட சொல்லுச்சு. நான்தான் மறந்துட்டேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆளைத் தேடி முடிவுக் கோட்டை விட்டுப் போனது சரி, ஆனால் ரத்தான ரேஸை உயிர்ப்பிக்க முடியாது என்று தீர்ப்பு சொன்னார்கள். அடுத்த மாதமே பட்டியலிலிருந்து குருவியை எடுத்தார்கள். இப்போது சங்கத்தில் ஒன்பது படகு. அன்று பந்தலை விட்டு வெளியே வரும்போது, "பெரியவருக்கு வயசாயிடுச்சு, இன்னும் எதுக்கு இந்தப் பொறுப்பெல்லாம்?" என்று யாரோ சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. என்னைக் காப்பாற்ற ஒரு பெரிய பொய் சொன்னீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். உங்களைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பென்னாகரம் தாண்டும்போது டெம்போவில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணா, அந்த விஷயம்..."

"வுடுங்க செக்ரட்டரி. அதப் பேசாதீங்க. எனக்கே வெக்கமா கெடக்குது."

அடக்கத்தில் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். விட்டுவிட்டேன். விடச் சொன்னது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

அதன்பிறகு நீங்கள் ரேஸ் ஆபீசர் வேலையை விட்டீர்கள். பட்டறைச் சுவரில் பிசின் எவ்வளவு, கலவை எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதி வைக்க ஆரம்பித்தீர்கள். அத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு கலந்த கை அது. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே பாட்டுப் பாடிக்கொண்டு டெம்போ ஓட்டியவர், பாலக்கோட்டுக்குப் போகவே ஆள் வைத்துக்கொண்டீர்கள். கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். வயசு என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் காரியத்தன்று பந்தி முடிந்த பிறகு நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி என்னைப் பட்டறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணில் தண்ணீர் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது.

"அந்தப் போட்டியோட மனுசன் ஒடைஞ்சு போயிட்டாரு கண்ணு. 'செக்ரட்டரி சொல்லாம இருக்காது. அது ஒரு நாளும் மறக்கற ஆளில்ல. சொல்லியிருக்கும், எம் மண்டையிலதான் நிக்கல'ன்னு சொல்லிச் சொல்லிப் பொலம்புவாரு. சேலத்துல டாக்டருகிட்டக் கூடக் கூட்டிட்டுப் போனேன். ஞாபகமெல்லாம் நல்லா இருக்குன்னாரு. நம்பவே மாட்டேன்னுட்டாரு. இன்னொரு தடவ மறந்து யாரையாவது கொன்னுபோட்டேன்னா என்ன பண்றதுன்னு வண்டிச் சாவியையே தொடல."

நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் நினைவை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறீர்கள்.

அங்கேயே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளில் கிழிந்த பாய், சீட்டு, மாதுவின் வலை, திருத்தாத பலகை. அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத அவரு இருந்தப்பச் சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச நாளு வண்டி ஓட்டியிருப்பாரில்ல?"

மறந்தது ஒரு மணி நேரத் தவறு. அதை மன்னித்துக்கொள்ளவும் எனக்கு வழி உண்டு. மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். போன வாரம் சங்கத்தின் ஒன்பது பேருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். கொச்சிக்காரருக்கும் அனுப்பினேன். சொல்ல வேண்டியவர்களில் கடைசியாக நீங்கள் மட்டும் பாக்கி. முதலில் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

அண்ணா, நீங்கள் எதையும் மறக்கவில்லை. நான் உங்களிடம் சொல்லவே இல்லை.