மூணாம் நெம்பர் தறி

உன் பெட்டியை இன்றைக்குத்தான்டா பிரித்தேன்.

பீரோவுக்கு மேலே, கெட்டுப்போன மிக்ஸிக்கும் பழைய காலண்டர்களுக்கும் நடுவில் நாலு வருஷமாகக் கிடந்த பெட்டி. கூரியர் சீட்டில் நீ எழுதிய எழுத்து வெளுத்துப்போய் என் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. பிளேடால் டேப்பைக் கீறியதும் புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே கறுப்பு ஹெட்செட். காதை முழுசாக மூடுகிற மெத்தை வைத்தது, வெளிச்சத்தம் பொட்டுக்கூட உள்ளே வராத ரகம். நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. சாமான் இன்னும் புதுசு வாசனை அடிக்கிறது.

இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஆட்டையாம்பட்டியில் கரண்ட் போனால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில் ஆறு விசைத்தறி, எதிர்வீட்டில் எட்டு, தெரு முழுக்க அப்படி. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் காது ஙொய்யென்கிறது. செய்ய வேலை இல்லாமல் தூசி தட்டலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். அப்போதுதான் பெட்டி கையில் பட்டது.

நம் ரெண்டு பேருக்கும் பேய் கேம் பைத்தியம் பிடித்தது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில். ஒரு கம்ப்யூட்டர், ஒரு இயர்போன். வலது காது உனக்கு, இடது காது எனக்கு. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு இருட்டு ஆஸ்பத்திரி, இருட்டுச் சுரங்கம் என்று நான் நடப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். "இருடா, இருடா, வலது பக்கம் ஒருத்தன் மூச்சு உடறான்" என்பாய். நான் திரும்பிச் சுடுவேன். திரையில் இருந்ததை நான் பார்த்தேன், இல்லாததை நீ கேட்டாய். "கண்ணுக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் என்னடா பயம்" என்று அப்போதே சொல்வாய்.

பிறகு சேனல் ஆரம்பித்தோம். தமிழில் கேம் விமர்சனம். நான் பேசுவேன், நீ சத்தம் பார்த்து வெட்டி ஒட்டுவாய். ஆரம்பித்த அன்றைக்கே ஒரு நோட்டில் சட்டம் எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? ஓசிச் சாமான் வாங்கக் கூடாது. தெரிஞ்சவன்னு தாட்சண்யம் பாக்கக் கூடாது. அப்புறம் நீயே யோசித்து இன்னொன்றும் சேர்த்தாய்: கேம் பண்ணினவன் குறுக்கே வந்து இதை இப்படி ஆடு, அதை அப்படிப் பாருன்னு வெளக்கம் சொல்லக் கூடாது. பண்ணினது தானாப் பேசோணும். பெரிய நீதிபதி மாதிரி கீழே கையெழுத்தும் போட்டாய். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நீ பெங்களூருக்குப் போய் கேம் கம்பெனியில் சத்தம் அமைக்கிற வேலையில் சேர்ந்தாய். சேனல் என் கைக்கு வந்தது. உங்கப்பாவுக்கு நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. "பையன் கேமுக்குச் சத்தம் போடறானாமுங்க" என்று டீக்கடையில் சொல்வார். "இங்கயே போடறோமே, அதுக்கு எதுக்குப் பெங்களூரு" என்று எல்லோரும் சிரிப்பார்கள். நாற்பது வருஷம் தறிக்கு நடுவில் நின்று அவருக்குக் காது பாதி போயிருந்தது. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்போதுதான் ஒரு வெளிநாட்டுப் பேய் கேமுக்கு எக்ஸ்பான்ஷன் பேக் வந்தது. முதல் கேமை முடித்தவர்களுக்கு மேற்கொண்டு ஒரு கதையை ஒட்டுப்போட்டு விற்பார்களே, அது. அதில் ஒரு கட்டம் பாழடைந்த துணி ஆலைக்குள் நடக்கும். அந்த ஆலைக் கட்டத்தின் சத்த வேலை உங்கள் கம்பெனிக்கு வந்தது, மொத்தமும் உன்னுடையது. வெளியாவதற்கு ஒரு வாரம் முந்தி போன் பண்ணினாய்.

"அப்பா கெடு வெச்சுட்டாருடா. இது வரட்டும், நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா அங்கயே இரு, இல்லாட்டி ஊட்டுக்கு வந்து தறியப் பாருங்கறாரு."

"சொல்லுவாங்கடா, அதுக்கென்ன."

"இங்கிலீஷ்ல ஆயிரம் பேரு எழுதுனாலும் அவருக்குத் தெரியாது. அவருக்கு நாலு பேருன்னா நீ ஒருத்தன்தான்டா."

எனக்குச் சுருக்கென்றது. நல்லதாகச் சொல் என்று கெஞ்சுகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். ரெண்டு நாளில் கூரியரில் இந்தப் பெட்டி வந்தது, சீட்டில் ஹெட்செட் என்று எழுதியிருந்தாய். சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினேன். எனக்கே லஞ்சமா, அதுவும் சட்டம் எழுதினவனே கொடுக்கிறானா என்று ஒரு வீம்பு தலைக்கு ஏறியது. பெட்டியைப் பிரிக்காமல் மேஜை மேல் வைத்துக்கொண்டு, என் பழைய இயர்போனைக் காதில் செருகி கேம் வெளிவந்ததும் மூணு நாள் பகலில் அதைத் திரும்பத் திரும்ப ஆடினேன். பக்கத்து அறையில் என் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

விமர்சனம் ஆரம்பித்ததே பெட்டியில்தான். "இந்தக் கேம்ல வேலை செஞ்ச ஒருத்தர் எனக்கு ஹெட்செட் அனுப்பியிருக்கார் மக்களே. பாருங்க, டேப்புகூடப் பிரிக்கல" என்று கேமரா முன்னால் தூக்கிக் காட்டினேன். என் யோக்கியதையை ஊருக்குக் காட்டுகிறேனாம். அப்புறம் கேமைக் கிழித்தேன். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிறது. பழைய நடைபாதைக்கே புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். துப்பாக்கி தீபாவளித் துப்பாக்கி. இதற்கு இவ்வளவு விலையா? இதெல்லாம் இன்றைக்கும் சரிதான். இங்கிலீஷில் எழுதினவர்களும் இதையேதான் எழுதினார்கள். ஆனால் திட்டிக்கொண்டே வந்தவர்கள் ஆலைக் கட்டத்துக்கு வந்ததும் அடங்கிப்போனார்கள். ஒருத்தர் அந்த இடத்தில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்துபோய் வீட்டு விளக்கையெல்லாம் போட்டதாக எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டுத்தான் பேசினேன். "வெள்ளைக்காரன் தறிச்சத்தம் கேட்டதில்ல, பயந்துக்கிட்டான். நமக்கெல்லாம் அது தாலாட்டுங்க. இதுல எந்தப் பேய்க்குப் பயப்படறது? அந்த ஆலைப் பேய் சொல்லாம கொள்ளாம வந்து அடிக்குது, வர்றதுக்கு ஒரு அடையாளமே இல்ல, இது பயமுறுத்தற வேலையில்ல, ஏமாத்து வேலை" என்றேன். பத்துக்கு மூணு மார்க். அந்தத் தாலாட்டுப் பேச்சுக்குத்தான் கீழே கமெண்டில் சிரிப்புப் பொம்மையாகக் குவிந்தது.

மறுநாள் டீக்கடையில் எவனோ அதை முழு வால்யூமில் உங்கப்பா காதருகே வைத்துப் போட்டுக் காட்டிவிட்டான். நானும் அங்கேதான் நின்றேன், கையில் டம்ளரோடு. அவர் கடைசி வரைக்கும் கேட்டார். அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டார். காது கேட்காதவர் பேச்சு எப்படி இருக்கும்? ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"ஏண்டா, உன்ற சிநேகிதனுக்கே லஞ்சங் குடுத்தியா? அப்பேர்ப்பட்ட பொழப்பு என்ன பொழப்பு? வாடா ஊட்டுக்கு."

நான் குறுக்கே விழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்து முடித்தேன்.

அன்றைக்கு மாலை நீ கூப்பிட்டாய். திட்டுவாய் என்று தயாராக இருந்தேன். பதிலுக்குப் பேச நாலு வசனம்கூட வைத்திருந்தேன்.

"ஹெட்செட் போட்டு ஆடலியா?"

"பெட்டியே பிரிக்கல. வீடியோ பாக்கலியா நீ?"

"பார்த்தேன். செரி, உடு."

அவ்வளவுதான். மூணு மாசத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாய். அதற்குப் பிறகு மூணு வருஷம் ரெண்டு தெரு தள்ளி இருந்தும் நாம் பேசியது "என்னடா", "ஒண்ணுமில்லடா" இரண்டும்தான். நீ தலையில் பஞ்சுத் தூசியோடு டீக்கடைக்கு வருவாய். நான் போனைப் பார்க்கிற மாதிரி நிற்பேன். போன மழைக்குக் காய்ச்சல் என்று படுத்தாய், ரத்த அணு இறங்கிவிட்டது என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள், அஞ்சாம் நாள் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல்தான் உன்னைக் கொன்றது, நான் இல்லை. இதை ஒரு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரியான பேச்சுதான். ஆனால் ஒரு நாளாவது அதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேனா என்றால் இல்லை.

இன்றைக்கு ஹெட்செட்டை மாட்டினேன். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. அந்தக் கேமை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை, அப்படியே கிடந்தது. ஆலைக் கட்டத்துக்குப் போனேன்.

உள்ளே எங்கேயோ ஒரு தறி ஓடியது. நான் நடந்தேன். நம் ஊர்ச் சத்தம், மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. படியேறித் திரும்பினேன். தறி நின்றது.

நின்றது என்பது எனக்குத் தெரிந்ததுடா. முதல் தடவையாகத் தெரிந்தது. சத்தம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மவுஸை விட்டுவிட்டு நிஜமாகவே நாற்காலியில் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். திரையைப் பார்க்கத் திரும்புவதற்குள் அது வந்து என்னை அடித்துவிட்டது.

மறுபடி ஆடினேன். தறி ஓடுகிற வரைக்கும் பேய் தூரத்தில். தறி நின்றால் பக்கத்தில். அதுதான் அடையாளம், அது ஒன்றுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் உன் தறி நின்ற ஒவ்வொரு தடவையும் என் வீட்டு ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. உன் தறி நின்றது எனக்கு எப்படிக் கேட்கும்? ஏமாத்து வேலை என்று உலகத்துக்குச் சொன்னேன். கேமில் இருந்த அத்தனை ஓட்டையையும் சரியாகச் சொன்னவன், அதில் உன் கை பட்ட ஒன்றைத் தப்பாகச் சொன்னேன்.

என் வீட்டுச் சத்தம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் பாதி நாள் அங்கேதான் படுத்துத் தூங்கினாய். அதனால்தானே அனுப்பினாய்? பாவி, அதை வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன? 'டேய் மடையா, தறியை நிறுத்திட்டு ஆடு' என்று ஒரு வார்த்தை! கேம் பண்ணினவன் விளக்கம் சொல்லக் கூடாதாம், சட்டமாம். உன் சட்டத்தில் நெருப்பைப் போட. உன் மேலும் எனக்குக் கோபம்தான். கோபப்பட்டு யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உங்கப்பா பட்டறையில் நின்ற தறிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா சாமி. உக்காரு. எங்க இத்தனை நாளா ஆளையே காணோம்?"

"உங்ககிட்ட ஒண்ணு காட்டோணுமுங்க. அவன் பண்ணுனதுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெட்செட்டை மாட்டி, சத்தத்தை மேலே வரைக்கும் ஏற்றினேன். திரையைப் பார்க்கவே இல்லை அவர். உன்னை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது.

"இது நம்ம மூணாம் நெம்பர் தறியில்ல?" என்று கத்தினார். காதில் சத்தம் இருந்ததால் அத்தனை உரக்க. "ஓரத்துல ஒரு தட்டுச் சத்தம் நொண்டும் பாரு. இதை எப்பப் புடிச்சான் இவன்?"

அந்த மூணாம் நெம்பர் தறி எங்களுக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

நான் கேமில் படியேறித் திரும்பினேன். உங்கப்பா சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒயர் இழுத்து லேப்டாப் என் மடியிலிருந்து சரிந்தது. "இழை அறுந்து நின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தறியிடம் போய், நின்று கிடந்த பாவு நூலின் மேல் கையை வைத்துத் தடவி அறுந்த இழையைத் தேடினார். ஒன்றும் அறுந்திருக்கவில்லை. அப்புறம் ஹெட்செட்டைக் கழற்றி, மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"இத்தனை நல்லாப் பண்ணீருக்கான். நீ ஏன் சாமி நல்லால்லீன்னு சொன்னே?"

கோபமே இல்லை அந்தக் குரலில். தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பிரிக்காததை, லஞ்சம் என்று நினைத்ததை, டீக்கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றதை. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை கத்திச் சொன்னேன். "நான் ஆடையில எங்க ஊட்ல தறி ஓடிட்டிருந்துச்சுங்க, அதனால கேக்கலீங்க" என்று முடித்தேன்.

அவர் தலையை ஆட்டினார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

"ஒரு மணி நேரம் தறிய நிறுத்தியிருக்கலாமில்ல சாமி."

அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல். ஹெட்செட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தேன். "எனக்கு வேண்டாம், உனக்குத்தானே அனுப்புனான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வீடியோவை நான் அழிக்கப்போவதில்லை. அழித்தால் தப்பு போகாது, நான் மட்டும் தப்பித்துக்கொள்வேன்.

மூணு மணிக்குக் கரண்ட் வந்தது. என் ஆறு தறியும் ஓட ஆரம்பித்தது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு தடவை ஏதோ ஒரு தறி இழை அறுந்து நின்றது. எழுந்துபோய் முடிச்சுப் போட வேண்டியவன், உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. நீ நின்றிருந்தாலும் நான் பயந்திருக்க மாட்டேன்டா. நீ நின்றிருக்கலாம்.